கையில ஒரு ஃபாக் இருக்கு, என்ன பண்ணலாம்?

போன மாசம் மேஜிக் த கேதரிங்ங்கற சீட்டு விளையாட்டுல பச்சை கலர் டெக் (ஆட கட்டி வெச்சிருக்கற சீட்டுக் கட்டு) பத்தி எழுதுறப்ப போற போக்குல "ஃபாக் கார்ட யாரும் குப்பையில போட்டுறாதீங்க"ன்னு ஒரே ஒரு வரி எழுதிட்டேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த மாசம் வந்த கேள்வில பாதி. சரி, இந்த தடவை முழுசா ஃபாக்குக்கே ஒதுக்கிடலாம்.

அண்ணே, ஆட ஆரம்பிச்சு ஆறு மாசம் ஆகுது. என்கிட்ட நாலு ஃபாக் இருக்கு. கூட ஆடுற பசங்க "அத வெச்சு என்னடா பண்ணுவ, ஒரு டர்ன் கழிச்சு சாவ, அவ்ளோதானே"ன்னு கலாய்க்கிறாங்க. நெஜமாவே வேஸ்ட் கார்டா? (கல்லூரி மாணவர், திருச்சி)

உங்க பசங்க சொல்றதுல பாதி உண்மை தம்பி, அதனாலதான் அவங்களுக்கு பதில் சொல்ல உங்களுக்கு வாய் வரல. தெரியாதவங்களுக்காக ஒரு தடவை சொல்லிடறேன், ஃபாக்னா 1993ல வந்த முதல் செட்லயே இருந்த கார்டு, விலை ஒரே ஒரு பச்சை மனா (லேண்டு கார்டு தர்ற சக்தி), இன்ஸ்டன்ட், அதாவது எதிராளி டர்ன்லயும் போடலாம், போட்டா அந்த டர்ன்ல காம்பேட்ல, அதாவது கிரீச்சர் கார்டுங்க மோதற சண்டையில, யாருக்கும் எந்த டேமேஜும் ஆகாது. கார்டுல எழுதியிருக்கறது அவ்வளவுதான். எதிராளியோட கிரீச்சர் ஒண்ணு கூட சாகாது, உங்க லைஃப் ஏறாது, புதுசா கார்டும் வராது. அவன் படை அப்படியே நிக்கும், உங்க கையில ஒரு கார்டு குறைஞ்சிருக்கும், அடுத்த டர்ன் திரும்ப அதே அடி. இந்தக் கணக்குல பாத்தா பசங்க சொன்னது கரெக்ட்.

ஆனா டெஸ்ட் மேட்ச்ல சாயங்காலம் விக்கெட் விழுந்தா ஒரு பவுலர நைட் வாட்ச்மேனா இறக்குவாங்க பாத்திருப்பீங்க. அவன் ரன் அடிக்கறானான்னு யாரும் பாக்க மாட்டாங்க, நாளைக்கு காலைல இறங்க ஒரு நல்ல பேட்ஸ்மேன் உள்ள உக்காந்திருக்கானா, அதான் கேள்வி. உள்ள யாருமே இல்லன்னா நைட் வாட்ச்மேன் எதுக்கு? ஃபாக்கையும் அப்படித்தான் எடை போடணும். அது உங்களுக்கு ஒரு டர்ன் வாங்கித் தருது, அந்த டர்ன வெச்சு என்ன பண்ணப் போறீங்கன்னு உங்க டெக்ல பதில் இருந்தா அது நல்ல கார்டு, இல்லன்னா சாவத் தள்ளிப் போடறீங்க, அவ்ளோதான்.

இதுல பசங்க கவனிக்காத விஷயம் ஒண்ணு இருக்கு. அட்டாக் பண்ணா கிரீச்சர் டேப் ஆகும்ல, அதாவது கார்ட பக்கவாட்டுல சாய்ச்சு வெப்போம், விஜிலன்ஸ்ங்கற திறமை இருந்தா மட்டும்தான் ஆகாது. டேப் ஆன கிரீச்சர் பிளாக் பண்ண, அதாவது வர்றவன மறிக்க, முடியாது, அது திரும்ப நிமிர்றது அவனோட அடுத்த டர்ன் ஆரம்பத்துலதான். நடுவுல வர்றது உங்க டர்ன்.

கணக்கா போட்டுப் பாப்போம். உங்க லைஃப் 7, உங்ககிட்ட ரெண்டு 3/3, ஒரு 4/4 (முதல் நம்பர் அடிக்கற பலம், ரெண்டாவது தாங்கற பலம்). எதிராளி லைஃப் 9, அவன்கிட்ட நாலு 3/3. சாதாரணமா அவன் நாலையும் அனுப்ப மாட்டான், நீங்க மூணு பேர வெச்சு மறிச்சா உள்ள வர்றது 3 டேமேஜ், அதுக்கப்புறம் அவன் வீடு காலி. ஆனா அவன் அஞ்சு மனாவையும் கொட்டி ஓவர்ரன் போடறான்னு வைங்க, எல்லாத்துக்கும் +3/+3, டிராம்பிள் வேற, அதாவது மறிக்கறவன் தாங்கினது போக மிச்ச அடி உங்க மேல விழும். நாலு 6/6, மொத்தம் 24. நீங்க மூணையும் வெச்சு மறிச்சாலும் 10தான் தாங்கும், 14 உள்ள வரும், நீங்க காலி. இப்ப அந்த ஒத்த பச்சை மனாவுக்கு ஃபாக். பிளாக்கே பண்ண வேணாம், டேமேஜ் பூஜ்யம். அவனோட நாலும் டேப் ஆகி படுத்திருக்கு, அவன் மனாவும் காலி. உங்க டர்ன், 3ம் 3ம் 4ம் 10, அவன் லைஃப் 9. முடிஞ்சுது.

இதுல ஃபாக் பண்ணது என்னன்னு பாருங்க, உயிரக் காப்பாத்துனது சின்ன விஷயம், பூட்டிக் கிடந்த வீட்ட அவனையே தொறக்க வெச்சுது பாருங்க அதான் பெருசு. அதுவும் அவன் ஓவர்ரன்னு ஒரு பெரிய கார்ட செலவு பண்ணிட்டான், நீங்க ஒரு மனா கார்டு. கார்டுக்கு கார்டு சமம், மனாவுல நாலு லாபம். அதனால உங்க டெக் முன்னாடி போய் அடிக்கற டெக்கா இருந்தா ரெண்டு ஃபாக் வைங்க, நாலு வேணாம், கையில ரெண்டு ஃபாக் ஒண்ணா வந்து உக்காந்தா வர்ற கடுப்பு தனி.

ஃபாக்க எப்ப போடறது, அவன் காம்பேட்டுக்குள்ள வந்த உடனேயா, அட்டாக் சொன்னப்புறமா, இல்ல நான் பிளாக் சொன்னப்புறமா? ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ணு சொல்றாங்க. (வாசகர், கோவை)

மொதல்ல ஒண்ணு, அட்டாக் சொல்றதுக்கு முன்னாடி போடவே போடாதீங்க. அவன் "அப்படியா, சரி நான் அட்டாக்கே பண்ணல"ன்னு கிரீச்சர் எல்லாத்தையும் நிமிர்த்தியே வெச்சுப்பான். மேல சொன்ன லாபம் மொத்தமும் போச்சு.

மிச்ச ரெண்டுல எதுங்கறதுக்கு எதிராளி எந்த கலர்னு பாக்கணும். பொதுவா பிளாக் சொன்னப்புறம் போடறது நல்லது, ஏன்னா அவன் கையில இருக்கற பம்ப் கார்டு (கிரீச்சரோட பலத்த ஏத்தறது) எல்லாம் அந்த நேரத்துலதான் வெளிய வரும், ஜயன்ட் குரோத் மாதிரி ஏதாவது போட்டு உங்க பிளாக்கர அடிச்சுத் தூக்கலாம்னு பாப்பான், அத அவன் செலவு பண்ணட்டும், அப்புறமா நீங்க ஃபாக். ஆனா எதிராளி முன்னாடி ரெண்டு ஐலண்ட் (நீல மனா தர்ற லேண்டு) டேப் ஆகாம நிக்குதுன்னா கவுன்டர்ஸ்பெல், அதாவது நீங்க போடற கார்ட ரத்து பண்ற கார்டு, இருக்கலாம். பிளாக் பண்ணாம தெனாவெட்டா உக்காந்துட்டு கடைசி நேரத்துல ஃபாக் போட்டு அவன் அத கவுன்டர் பண்ணிட்டான்னா திரும்பிப் போய் பிளாக் சொல்ல முடியாது, கதை முடிஞ்சுது. அதனால நீல ஆளுங்க கூட ஆடும்போது அட்டாக் சொன்ன உடனே, பிளாக்குக்கு முன்னாடி போடுங்க. கவுன்டர் ஆனாலும் இருக்கறத வெச்சு மறிச்சு உயிர் தப்ப ஒரு வழி மிஞ்சும்.

மூணாவதா ஒரு நேரம் இருக்கு, இத நிறைய பேர் யோசிக்கறதில்ல, எனக்கே இத ஒருத்தர் என் மேலயே போட்டுக் காட்டினப்புறம்தான் புரிஞ்சுது. ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக் இருக்கற கிரீச்சர் ஒண்ணாவது சண்டையில இருந்தா டேமேஜ் ரெண்டு கட்டமா நடக்கும், ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக் அடி முதல்ல, மத்தவங்க அடி அப்புறம், நடுவுல இன்ஸ்டன்ட் போட இடம் உண்டு. ஃபாக் இனிமே நடக்கப்போற டேமேஜத்தான் நிறுத்தும், நடந்து முடிஞ்சத திருப்பாது. இப்ப அவன் ரெண்டு 2/2, ஒரு 6/6 அனுப்பறான். உங்ககிட்ட ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக் 2/2 ரெண்டு. அவன் சின்னது ரெண்டையும் அதுங்கள வெச்சு மறிங்க, 6/6அ விட்டுடுங்க. முதல் கட்டத்துல உங்காளுங்க அடிச்சு அவனோட ரெண்டும் செத்துப்போகும். அதுக்கப்புறம் ஃபாக். 6/6 சும்மா வந்துட்டு சும்மா போகும். ஃபாக் எல்லாருக்கும் பொதுன்னு கார்டுல எழுதியிருந்தாலும் இந்த இடத்துல அது உங்களுக்கு மட்டும் வேலை செய்யும். ஃபோன்லயோ கம்ப்யூட்டர்லயோ அரீனா ஆடுறவங்க இந்த மாதிரி நேரத்துல ஃபுல் கண்ட்ரோல் போட்டுக்கோங்க, ஆட்டோவா அந்தக் கட்டத்த தாண்டிப் போயிட்டா என்னத் திட்டாதீங்க.

எதிராளி சிவப்பு டெக். லைட்னிங் போல்ட்ட ஃபாக் போட்டு நிறுத்தலாமா? (வாசகர், சேலம்)

முடியாது. காம்பேட் டேமேஜ் மட்டும்தான். போல்ட் கிரீச்சர் இல்லாம நேரா அடிக்கற கார்டு, அதோட 3 டேமேஜ் வந்தே தீரும். அதே மாதிரி "டேமேஜ தடுக்க முடியாது"ன்னு எழுதின கார்டுங்க முன்னாடியும் ஃபாக் வெறும் பேப்பர்தான், சிவப்புல ஸ்கல்கிராக், 2019ல வந்த போன்கிரஷர் ஜயன்ட் ரெண்டும் அந்த ரகம், பச்சையிலயே அதே 2019ல வந்த குவெஸ்டிங் பீஸ்ட் இருக்கு, அது மேசையில இருக்கறவரைக்கும் அவன் கிரீச்சர் எதோட காம்பேட் டேமேஜையும் தடுக்க முடியாது. அந்த மிருகத்தப் பாத்தா ஃபாக்க நம்பாதீங்க, சைடுபோர்டு (கேமுக்கு நடுவுல மாத்திக்க வெச்சிருக்கற எக்ஸ்ட்ரா கார்டு) இருந்தா ரெண்டாவது கேம்ல வெளிய எடுத்துடுங்க.

நாங்க நாலு பேர் வாராவாரம் கமாண்டர் ஆடுவோம். 100 கார்டுல ஒரு இடத்த ஃபாக்குக்கு குடுக்கறது சரியா? டெஃபெரிஸ் புரொடெக்ஷன் மாதிரி பெரிய கார்டு இருக்கும்போது இது எதுக்கு? (வாசகி, சென்னை)

சரிதான்ங்க, ஃபாக்குக்கு சரியான வீடே கமாண்டர்தான்னு நான் நினைக்கறேன். ரெண்டு பேர் ஆட்டத்துல லைஃப் 20, அடி கொஞ்சம் கொஞ்சமா விழும், ஒரு டர்ன நிறுத்தி பெருசா ஒண்ணும் ஆகாது. கமாண்டர்ங்கறது ஒரு கிரீச்சர தலைவனா (அதான் கமாண்டர்) வெச்சு பல பேர் சேந்து ஆடற ஆட்டம், அதுல ஆளுக்கு லைஃப் 40, ரெண்டு மணி நேரம் எல்லாரும் கட்டடம் கட்டிட்டே இருப்பாங்க, கடைசில ஒருத்தர் ஒரே அடில மொத்த மேசையையும் தூக்கப் பாப்பார். அந்த ஒரே அடிய நிறுத்துனா போதும். ஒரே கமாண்டர்கிட்ட 21 காம்பேட் டேமேஜ் வாங்கினா அவுட்டுங்கற ரூலும், இன்ஃபெக்ட் கிரீச்சர் அடிச்சு 10 பாய்சன் கவுண்டர் சேந்தா அவுட்டுங்கறதும் கூட இதுலயே அடங்கிப் போயிடும், டேமேஜே இல்லன்னா கணக்கும் இல்ல.

ஒரு ஞாயித்துக்கிழமை ஃபிரண்டு வீட்டு மொட்டை மாடில நடந்தது. எல்ஃப் டெக் வெச்சிருந்தவர் எட்டு மனா போட்டு கிரேட்டர்ஹூஃப் பெஹிமத்த இறக்கினார், ஏற்கனவே பதினோரு எல்ஃப் டோக்கன் நிக்குது, இதோட சேத்து பன்னெண்டு, அப்ப எல்லாத்துக்கும் +12/+12, டிராம்பிள். ஆளுக்கு நாலா பிரிச்சு மூணு பேர் மேலயும் விட்டார், தலைக்கு அம்பதுக்கு மேல டேமேஜ். விட்டுட்டு டீ டம்ளர எடுக்கப் போயிட்டார், ஆட்டம் முடிஞ்சுதுன்னு. என் கையில ஒரு லேண்டு, ஒரு ஃபாக், மேசையில டேப் ஆகாம ஒரே ஒரு ஃபாரஸ்ட் (பச்சை மனா தர்ற லேண்டு). கார்ட நடுவுல வெச்சேன். அவர் டம்ளரோட திரும்பி வந்து கார்டப் படிச்சார், திரும்பவும் படிச்சார், அப்புறம் என் மூஞ்சியப் பாத்தார். பன்னெண்டும் டேப். அவருக்கு இடது பக்கம் இருந்தவர் டர்ன் வந்துச்சு, மறிக்க ஒரு ஆள் இல்ல, அடிச்சு முடிச்சுட்டார். கடைசில ஜெயிச்சதும் அந்த இடது பக்கத்துக்காரர்தான், நான் இல்ல. நைட் வாட்ச்மேன இறக்கினது நான், காலைல இறங்கி செஞ்சுரி அடிச்சது பக்கத்து வீட்டுக்காரர். என் கையில ஃபாக் தவிர இருந்தது ஒரு லேண்டுதானே, வாங்கின டர்ன்ல நான் என்னத்த கிழிச்சிருப்பேன்? நாலு பேர் ஆட்டத்துல இத மறக்காதீங்க, ஃபாக் மேசைல இருக்கற எல்லாரையும் காப்பாத்தும், உங்களுக்குப் பிடிக்காதவங்களையும் சேத்து. சில நேரம் அதுவே வியாபாரம், "உன்ன காப்பாத்தறேன், அடுத்த டர்ன் என் பக்கம் வராத"ன்னு பேசி வாங்கிக்கலாம். எழுதி வாங்க முடியாது, ஆனா நாலு பேர் முன்னாடி சொன்னத மீற பல பேருக்கு கூச்சமா இருக்கும்.

டெஃபெரிஸ் புரொடெக்ஷன் பெரிய கார்டுதான், இல்லன்னு சொல்லல. உங்க அடுத்த டர்ன் வரைக்கும் உங்க லைஃப் அசையாது, உங்க பொருள் எல்லாம் ஃபேஸ் அவுட் ஆகி மறைஞ்சிடும், யார் என்ன பண்ணாலும் உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா மூணு மனா, வெள்ளை கலர் வேணும், காசும் அதிகம். மூணு மனாவ சும்மா நிறுத்தி வெச்சுட்டு டர்ன முடிச்சா மேசைக்கே தெரியும் ஏதோ இருக்குன்னு. ஒரு ஃபாரஸ்ட் நிக்கறத யாரும் பாக்க மாட்டாங்க. ஃபாக்கோட உண்மையான பலம் அந்த ஒத்த மனாதான்னு நான் சொல்வேன், உங்க ஆட்டத்த நீங்க முழுசா ஆடிட்டு மிச்ச சில்லறைல பாதுகாப்பு வாங்கறீங்க.

இன்னும் கொஞ்சம் நல்லதா வேணும்னா சொந்தக்காரங்க நிறைய பேர் இருக்காங்க. 2001ல வந்த மொமென்ட்ஸ் பீஸ் ரெண்டு மனா, ஆனா ஃபிளாஷ்பேக் இருக்கறதால சுடுகாட்டுலேர்ந்து (போட்டு முடிஞ்ச கார்டு கெடக்கற குவியல்) இன்னொரு தடவை போடலாம், ஒரு கார்டுல ரெண்டு ஃபாக். டேங்கிள் போட்டா அட்டாக் பண்ண கிரீச்சர் எல்லாம் அடுத்த தடவையும் நிமிராது, கிட்டத்தட்ட ரெண்டு டர்ன் வாங்கின மாதிரி. அரக்னோஜெனசிஸ் மூணு மனா, உங்க மேல எத்தன கிரீச்சர் வருதோ அத்தன 1/2 சிலந்தி உங்களுக்கு முளைக்கும், சிலந்தி இல்லாத யாரும் டேமேஜ் பண்ண முடியாது, உங்க சிலந்தி மட்டும் கடிக்கும், எனக்கு இந்த கார்டு மேல ஒரு தனி பிரியம். பச்சை இல்லன்னா வெள்ளைல ஹோலி டே, கறுப்புல டார்க்னஸ், ரெண்டும் 1994லேர்ந்தே இருக்கு, அதே ஒத்த மனா, அதே வேலை.

அப்புறம் தவளை. ஸ்போர் ஃபிராக்னு ஒரு மனாவுக்கு ஒரு 1/1 தவளை, பலி குடுத்தா ஃபாக். முல்ட்ரோத்தா கமாண்டரா இருந்தா உங்க ஒவ்வொரு டர்ன்லயும் அத சுடுகாட்டுலேர்ந்து திரும்ப இறக்கலாம். இது வேற மாதிரி பாதுகாப்புங்க, கையில ஒளிஞ்சிருக்கற ஃபாக் பொறி, வந்து மாட்டினப்புறம்தான் தெரியும், மேசையில உக்காந்திருக்கற தவளை வாசல்ல கட்டியிருக்கற நாய், பாத்தவன் அடுத்த வீட்டுக்குப் போயிடுவான். எதிராளிய முழுசா அட்டாக் பண்ண வெச்சு திருப்பி அடிக்கணும்னா ஃபாக், உங்கள விட்டுட்டு மத்தவங்க அடிச்சுக்கணும்னா தவளை. கிட்ராக் மான்ஸ்டர்னு இன்னொரு பெரிய தவளை இருக்கு, லேண்டு சுடுகாட்டுக்குப் போனா கார்டு குடுக்கும், அது கூட கான்ஸ்டன்ட் மிஸ்ட்ஸ் சேத்தா லேண்ட பலி குடுத்துக் குடுத்து ஃபாக் திரும்பத் திரும்ப கைக்கே வரும், கார்டும் வரும். ஃபாக் ஆளுங்களுக்கு ஏன் இத்தன தவளை மேல ஆசைன்னு எனக்கு இன்னும் விளங்கல.

டெக் பூரா ஃபாக் வெச்சு ஆடினா என்ன? ஃபிரண்ட்ஸ் என்கூட ஆட மாட்டேங்கறாங்க. (வாசகர், மதுரை)

ஆட மாட்டாங்கதான், நானும் வர மாட்டேன். ஆனா அந்த டெக் நெஜமாவே இருக்கு, டர்போ ஃபாக்னு பேரு. தனியா ஒரு ஃபாக் கார்டு நஷ்டம்னு மேல சொன்னேன்ல, அந்த நஷ்டத்த ஈடு கட்டறதுக்கு ஹவுலிங் மைன் வைப்பாங்க, எல்லாரும் டர்னுக்கு ஒரு கார்டு கூட எடுக்கணும். எதிராளிக்கும்தான் கூட வருது, ஆனா அவன் டெக்ல பாதி கிரீச்சர், அதுங்க வந்து என்ன பண்ணும், நீங்க டர்னுக்கு ஒரு ஃபாக் எடுத்தா போதும். அவன் எடுக்கற கார்டு எல்லாம் செத்த கார்டு, உங்களுது எல்லாம் உயிருள்ள கார்டு. கடைசில லைப்ரரில (இன்னும் எடுக்காத சீட்டுக் கட்டு) கார்டு தீந்து, எடுக்க முடியாம அவன் தோப்பான்.

2018ல ஸ்டாண்டர்டுலயே, அதாவது சமீபத்து செட் கார்டு மட்டும் வெச்சு ஆடற போட்டில, இது பெருசா ஓடுச்சு, ரூட் ஸ்னேர்னு ரெண்டு மனா ஃபாக், டெஃபெரிங்கற கார்டு, கூட நெக்ஸஸ் ஆஃப் ஃபேட். அந்த கார்டு ஏழு மனா, எக்ஸ்ட்ரா டர்ன் குடுத்துட்டு சுடுகாட்டுக்குப் போகாம திரும்ப லைப்ரரிக்குள்ளயே கலந்துடும், அதனால அத வெச்சிருக்கறவனுக்கு கார்டு தீரவே தீராது. ஆட்டம் முடியாம இழுத்துக்கிட்டே போனதுல 2019 பிப்ரவரில அரீனால ஒரே கேம் ஆடற ஸ்டாண்டர்டுலேர்ந்து அத தடை பண்ணிட்டாங்க. காமன் கார்டு மட்டும் வெச்சு ஆடற பாப்பர்லயும் டிரான்ங்கற டெக்ல மொமென்ட்ஸ் பீஸ், எதிராளிக்கு அடுத்த காம்பேட்டையே இல்லாம பண்ற ஸ்டோன்ஹார்ன் டிக்னிட்டரின்னு இதே சங்கதி நடந்திருக்கு. உங்க டெக்குக்கு தோல்வி எங்கேர்ந்து வரும்னா போல்ட் போடற சிவப்பு டெக்கும் கவுன்டர் போடற நீல டெக்கும்தான். உங்க ஃபிரண்ட்ஸ் யாரும் அத ஆடலன்னா, ஒண்ணு அவங்கள ஆடச் சொல்லுங்க, இல்ல நீங்க டெக்க மாத்துங்க. முக்கா மணி நேரம் அடிச்சு ஒரு டேமேஜ் கூட போகாம உக்காந்திருக்கறவன் மூஞ்சிய ஒரு தடவை நிமிர்ந்து பாருங்க.

டிராஃப்ட்ல ஃபாக் வந்தா எடுக்கலாமா? (வாசகர், வேலூர்)

வேணாம். டிராஃப்ட்னா பாக்கெட்ட பிரிச்சு ஒண்ணொண்ணா கார்டு எடுத்து அங்கயே டெக் கட்டறது, அந்த 40 கார்டுல லேண்டு 17 போக மிச்சம் 23 இடம், அதுல மேசையில நிக்கற எதுவும் ஃபாக்க விட மேல். வேற ஒண்ணுமே இல்லாம 23ஆவது கார்டா வந்தா வரட்டும்.

அண்ணே, என் தம்பிக்கு என்கிட்ட ஃபாக் இருக்குன்னு தெரிஞ்சு போச்சு. நான் ஒரு ஃபாரஸ்ட்ட விட்டு வெச்சாலே அட்டாக் பண்ணாம பாதிய வீட்டுலயே வெச்சுக்கறான். இப்ப என்ன பண்றது? (வாசகி, தஞ்சாவூர்)

ஃபாக்க டெக்லேர்ந்து எடுத்துட்டு அந்த இடத்துல ஒரு நல்ல கிரீச்சர் போடுங்கம்மா. ஃபாரஸ்ட்ட மட்டும் எப்பவும் போல விட்டு வைங்க. தம்பிகிட்ட சொல்லாதீங்க.